ரெய்னோவின் நார்மல் ரத்தம்

"அர்வோ வீட்டு வாசல்ல பனிய மலையாட்டம் குவிச்சுட்டு வந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"அவன் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, உனக்கு இருந்துச்சா?"

"ரத்தம் எடுக்கணும்னா கையத்தான் புடிக்கணும். மூக்கையா புடிப்பாங்க?"

"விடியறதுக்கு முன்னாடி! அவன் வீட்ல! மாசா மாசம்! உன் கார் அங்க நிக்கறத நான் பாக்கலன்னு நெனச்சியா?"

"பாப்ப, பாப்ப. ஊர்ல எவன் கார் எங்க நிக்குதுன்னு பாக்கறதுக்குத்தானே உனக்கு லாரியே குடுத்திருக்காங்க!"

நான் அன்றைக்கு என் வீட்டு நடைபாதையை இரண்டு முறை சுத்தம் செய்து முடித்திருந்தேன். இந்தச் சத்தம் கேட்டதும் மூன்றாவது முறை ஆரம்பித்தேன். சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று வராத நாளில், கடுங்குளிரில், குரல் உடையாமல் சிந்தாமல் அப்படியே வந்து சேரும். காதை நீட்ட வேண்டியதில்லை. தொப்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும்.

எதிர் வீட்டு க்ளாரன்ஸ் ட்ரெவேனாவும் பனி வாரிக்கொண்டிருந்தார். அவருடைய பனி மண்வெட்டி ஒரே இடத்தில் சுரண்டிக்கொண்டிருந்தது. அங்கே பனியே இல்லை, வெறும் தார்.

சண்டை போட்டவர்கள் என் பக்கத்து வீட்டு ரெய்னோவும் லெம்பியும். ரெய்னோ எங்கள் ஹெம்லாக் ஃபால்ஸில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். நாங்கள் தூங்கும்போதே எழுந்து, பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் ஏரிச் சாலை முழுவதையும் வழித்துவிடுவான். பிடிக்காதவன் வாசலில் வழித்ததைக் குவித்துவிட்டும் போவான். அந்த அதிகாரம் மாவட்ட நீதிபதிக்குக்கூட இல்லை. ட்ரெவேனாதான் அவனுக்கு மேலாளர்.

லெம்பி ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் லேபில் வேலை. ரத்தம் எடுப்பது, கண்ணாடிக் குழாயில் சுழற்றுவது, மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது, மெஷினில் வைப்பது எல்லாம் அவளும் டார்லீன் என்ற புதுப் பெண்ணும்தான். ஊரில் யாருக்குக் கொழுப்பு, யாருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது, போதகரின் மகள் எதற்காகச் சோதனைக்கு வந்தாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. காப்பி கொடுத்துப் பார்த்தேன், சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையில் வியர்க்க வியர்க்க உட்கார வைத்துப் பார்த்தேன். "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி" என்பாள். ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்ல வேண்டும், லேப்காரி வாய் திறக்கக்கூடாது என்பது அவர்கள் தொழில் சட்டம். அவள் பத்துக் கட்டளையோடு பதினொன்றாக அதைச் சேர்த்துக்கொண்டவள்.

நார்மல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சண்டை புரியாது. லேபுக்குப் புது மெஷினோ, மாதாமாதம் மாறுகிற சோதனை மருந்தோ வந்தால் அதை அப்படியே நோயாளி ரத்தத்தில் பிரயோகிக்க முடியாது. முதலில் நல்ல ஆரோக்கியமானவர்களுடைய ரத்தத்தைக் காட்ட வேண்டும். ஆரோக்கியம் இன்னதென்று மெஷின் பார்த்துத் தெரிந்துகொண்டால்தானே, நோய் எது என்று சொல்லும்? அந்த ஆரோக்கிய ரத்தத்துக்கு நார்மல் என்று பெயர். பெரிய நகரத்தில் எப்படியோ, எங்கள் ஊரில் லேப்காரர்கள் தங்கள் கையிலேயே குத்திக்கொள்வார்கள். போதாததற்குப் புருஷன், மச்சினன், சமையல்கட்டுக்காரி. வெறும் வயிற்றோடு வரிசையில் வந்து கை நீட்ட வேண்டியது. முடிந்ததும் ஆளுக்கொரு டோனட்.

ரெய்னோ வருஷக்கணக்காக லெம்பியின் நார்மல். அந்தப் பெருமையை அவன் வைத்துக்கொண்ட விதம் இருக்கிறதே! மதுக்கடையில் எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன் என்று வாயெடுத்தால் போதும், "உன் ரத்தத்த எதோட வச்சுப் பாத்தாங்கன்னு நெனக்கிற? என்னோடதோட!" என்று நெஞ்சில் தட்டிக்கொள்வான். பனி லாரி ஓட்டுவதற்கு நாலு பேர் கிடைப்பார்கள், நார்மலுக்கு அவன் ஒருத்தன்தான் என்பது அவன் கணக்கு.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

"என் ரத்தம் இருக்கறப்போ அவன் ரத்தம் உனக்கு எதுக்கு?" என்று கத்தினான் ரெய்னோ. வேலை முடித்து வந்தவன், மீசையில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. "போன மாசம்கூடச் சமையல்கட்டு மேசையில உக்கார வச்சு என் கையில எடுத்தியே. அது பத்தலையா? அர்வோ எதுக்கு? பொண்டாட்டி செத்தவன், தனியா இருக்கான், பனிச்சறுக்கு போறான், சிகரெட் கெடையாது. அதானே?"

"வாய அடக்கு ரெய்னோ. தெருவே கேக்குது."

"கேக்கட்டும்! ஹில்மா, நீயும் கேளு! என் பொண்டாட்டிக்கு என் ரத்தம் புளிச்சுப் போச்சாம்!"

ஹில்மா என்றது என்னை. நான் குனிந்து பனியில் எதையோ தேடினேன்.

"புளிச்சுத்தான் போச்சு!" என்றாள் லெம்பி. அவள் குரலை நான் அந்த உயரத்தில் கேட்டதே இல்லை. "உன் ரத்தம் நார்மல் இல்ல! ஒரு வருஷமா இல்ல! உனக்குச் சர்க்கரை! போதுமா? வண்டி வண்டியாச் சர்க்கரை! அதனாலதான் அர்வோகிட்ட எடுக்கறேன், போதுமா!"

ட்ரெவேனாவின் மண்வெட்டி நின்றது.

 ரெய்னோ குரலை இறக்கிக் கேட்டான். "அப்போ என் கையில மாசா மாசம் எடுத்தது?"

"எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கறதுக்கு."

"லேபுக்கு இல்லையா?"

"இல்ல."

"பாத்துட்டு என்ன பண்ணுன?"

லெம்பி கையுறையை இழுத்து மாட்டினாள். அவன் திரும்பக் கேட்டான்.

"கொட்டிட்டேன்" என்றாள்.

ட்ரெவேனா நல்ல மனிதர். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த வம்சம், இறைச்சிப் பணியாரத்தில் கேரட் போடுகிறவர்களைத் தவிர யாரிடமும் பகை கிடையாது. தெருவைத் தாண்டி வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ரெய்னோ, நான் ஒண்ணும் கேக்கலப்பா" என்றார். மொட்டைத் தலையில் ஆவி பறந்தது. ஒன்றும் கேட்காதவர் எதற்காகத் தெருவைத் தாண்டி வரவேண்டும்? லாரி விஷயம்தான் என்று மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. என்னையும் சேர்த்தால் நாலு.

அன்று மதியம் லெம்பி வீட்டுக்கு ஒரு பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாத்திரம் என்னுடையதுதான், பரவாயில்லை. அவள் நிசு என்கிற எங்கள் ஃபின்லாந்து இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஏலக்காய் வாசனை வீடு முழுக்க. ரெய்னோ இல்லை.

"உக்காரு ஹில்மா. கேக்கத்தானே வந்த, கேளு."

"நான் பாத்திரம்..."

"அத அங்க வை. காப்பி இருக்கு."

காப்பியை வாயில் வைத்தேன். தகரத்தை நக்கின மாதிரி ஒரு பின்ருசி. "இதென்னடி, சாக்கரின் மாத்திரையா?"

"ஒரு வருஷமா அதான். அவன் காப்பித் தூள் கம்பெனிய மாத்து மாத்துன்னு கத்திட்டிருந்தான். மூணு கம்பெனி மாத்திட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. சர்ச் விருந்துக்கு அவள் கொண்டுவந்த நிசுவில் போன வருஷத்திலிருந்தே இனிப்பு இல்லை. அவளுக்குக் கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பேசி முடித்திருந்தோம்.

"எப்படிடி கண்டுபுடிச்ச?"

"புது மெஷின் வந்துச்சில்ல, அதுக்கு இருபது பேர் ரத்தம் வேணும். இவனும் வந்தான். குழாயில பேர் கெடையாது, நம்பர்தான். ஒரு நம்பர்ல சர்க்கரை எகிறுது. யாருன்னு பாத்தா இவன். எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? திருட்டுப்பய, ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே டோனட்ட தின்னுட்டான்னு!" மாவை ஓங்கி அடித்தாள். "'தின்னியா'ன்னு கேட்டேன். பைபிள் மேல சத்தியம்னான். நம்பல. டோனட் கடை மார்லிஸ்தான் பெட்டி கொண்டாந்தா, அவகிட்டப் போய் 'எத்தனை போட்ட'ன்னு கேட்டு எண்ணச் சொன்னேன். ஒண்ணும் குறையல. அப்புறம் அதே ரத்தத்தப் பழைய மெஷின்ல போட்டேன். அதுவும் அதையே சொல்லுது. அப்போதான் அது டோனட் இல்ல, அவனோட சர்க்கரைன்னு எனக்கு உறைச்சுது."

"அன்னைக்கே அவன்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா டாக்டர்கிட்ட போகணும். டாக்டர் எழுதுவார். எழுதுனா ட்ரெவேனா மேசைக்குப் போகும். லாரிய வாங்கிட்டா அவன் என்ன ஆவான்? அவங்கப்பாவ உனக்குத் தெரியுமில்ல? சுரங்கம் மூடுனன்னைக்கு சன்னல் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்தார். அங்கிருந்து சவப்பெட்டிக்குத்தான் எந்திரிச்சார். நான் நெனச்சேன், வீட்டு சாப்பாட்டுலயே எறக்கிடலாம்னு. முதல்ல எறங்கவும் செஞ்சுது ஹில்மா. சத்தியமா எறங்குச்சு. அப்புறம் வேட்டை சீசன் வந்துச்சு. காட்டுக் குடிசையில பத்து நாள் பீரும் பிஸ்கட்டும்."

"அப்பவாவது?"

லெம்பி மாவைத் துணி போட்டு மூடினாள். கையில் ஒட்டியதை உரித்து உரித்து எடுத்தாள்.

"வாய் வரல. இருபது வருஷமா மூடியே பழகிப்போச்சு. யார் முகத்தப் பாத்தும் காட்டிக்காம இருக்கறதுதான் என் வேலை. செத்துப்போகப் போறவங்ககிட்ட நின்னு வானிலை பேசியிருக்கேன். அதே மூஞ்சியோட வீட்டுக்கு வந்து இவன்கிட்டயும் வானிலை பேசினேன்."

"கடைசியில தெருவுல வச்சு..."

"அர்வோவோட என் பேரச் சேத்துப் பேசுனான் ஹில்மா! அதான் எனக்குத் தாங்கல. அர்வோவாமே, அர்வோ! அந்த ஆள் ரத்தம் எடுக்கறப்ப கண்ண மூடிட்டு பைபிள்ல இருபத்தி மூணாவது சங்கீதம் சொல்றான். குளிர்ல அவன் கார் கெளம்பாதுன்னு நான் வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரேன். அதுக்கு இந்தப் பேரா?"

நான் அர்வோவின் பக்கம் கொஞ்சம் நியாயம் பேசினேன். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பான் என்றேன். அவள் பாத்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ட்ரெவேனா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் ரெய்னோவைக் கூப்பிட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சாவியை எடு என்றார். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு முன்னால் போகிற வண்டி, அவரைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் வெளியூர்க்காரர், சின்னப் பையன், மனிதர்களின் வீட்டு விவகாரம் தெரியாதவர். பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார், "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே சமாளிச்சிருக்கலாம். இப்ப ஊசிதான்."

ஊசி போட்டுக்கொள்கிறவன் பெரிய வண்டி ஓட்டக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். லாரி ஒரு பொடியன் கைக்குப் போனது. வண்டி கைக்கு வந்த பிறகு விழுந்த முதல் பனியிலேயே அவன், வாசலில் கம்பத்தில் நிற்கும் தபால் பெட்டிகளில் மூன்றைச் சாய்த்தான். அதில் ஒன்று என்னுடையது.

அதை நிமிர்த்த ரெய்னோ தானாகவே வந்தான். உறைந்த மண்ணில் கம்பம் இறங்காது. பழைய பால் கேனில் கற்களை நிரப்பி, கம்பத்தை அதில் நட்டு, தண்ணீரை ஊற்றினான். நின்றுகொண்டிருக்கும்போதே அது உறைய ஆரம்பித்தது. "வசந்த காலம் வரைக்கும் அசையாது" என்றான். நான் உள்ளிருந்து சூடாக ஒரு இறைச்சிப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தேன். ஓரத்து மாவைப் பிய்த்துக் காக்காய்க்குப் போட்டுவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் தின்றான். புது நோயாளிகள் அப்படித்தான், ஒரு மாதம் ரொம்ப ஒழுங்காக இருப்பார்கள்.

"நீ எங்க படுக்கற இப்போ?" என்று கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது?

"சௌனா அறையில. சூடாத்தான் இருக்கு."

"ஏன்ப்பா இப்படி? உன்னக் காப்பாத்தணும்னுதானே அவ..."

"காப்பாத்தறவ கேட்டுட்டுக் காப்பாத்தணும் ஹில்மா." பால் கேனைக் காலால் தட்டிப் பார்த்தான். "ஒரு வருஷம். மாசா மாசம் அந்த மேசையில கைய நீட்டுனேன். சர்ச்ல தட்டுல காணிக்கை போடற மாதிரி. அவ ரப்பர் பட்டையக் கட்டுவா, 'கைய மூடு'ம்பா, 'தொற'ம்பா. முடிஞ்சதும் பஞ்ச வச்சுட்டு, 'ஆஸ்பத்திரி சார்புல நன்றி'ம்பா. அது எங்களுக்குள்ள ஒரு தமாஷ். அந்த நன்றியும் சொன்னா, பாரு. ஒரு மாசம் தவறாம சொன்னா. சொல்லிட்டுப் போய் சாக்கடையில கொட்டியிருக்கா."

"அர்வோ விஷயத்த நெசமாவே நம்புனியா?"

"இல்ல." சிரித்தான், அது சிரிப்பில் சேராது. "நம்பற மாதிரி இருந்திருந்தா நல்லாருந்திருக்கும். அவ அவன்கூடப் போயிருந்தா அவனையாவது ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன். இதுக்கு யாரச் சாத்தறது? மதுக்கடையில எல்லாரும் என்னப் பாத்ததும் கிளாஸத் தூக்கி 'நார்மலுக்கு!'ன்னு குடிக்கறானுங்க."

அது உண்மைதான். பெயரே நார்மல் என்று ஆகிவிட்டது. கடைசியில் கல்லறையிலும் அதைத்தான் எழுதுவார்கள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

பிப்ரவரியில் அவன் சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன், கொலஸ்ட்ரால் பார்க்க. அன்றைக்கு எனக்கு முறை இல்லை என்று டார்லீன் சொன்னாள்; வந்தது வந்துவிட்டேன், உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றேன். அடித்தளத்தில் சூடாக இருக்கும், வாசனைதான் ஒரு மாதிரி.

ரெய்னோ நாற்காலியில் உட்கார்ந்து இடது கைச் சட்டையைச் சுருட்டினான். உள்ளறையிலிருந்து லெம்பி வந்தாள். வெள்ளைக் கோட்டு, பையில் நாலு பேனா. ஊரில் அவள் கை பட்டு இரண்டாம் குத்து வாங்கியவர்கள் கிடையாது. பிறந்த குழந்தைக்கும் எண்பது வயதுக் கிழத்துக்கும் ஒரே குத்துதான். ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

ரெய்னோ சட்டைக் கையை இறக்கிவிட்டான். மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டான்.

"டார்லீன் எடுக்கட்டும்" என்றான்.

"அவ புதுசு, ரெய்னோ. உன் நரம்பு ஆழம்."

"டார்லீன் எடுக்கட்டும்."

"வலிக்கும்டா."

"அது எனக்குத் தெரியும். வலிக்கறதா இருந்தா எனக்குத் தெரியற மாதிரி வலிக்கட்டும்."

லெம்பி பட்டையை டார்லீன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பாவம் அந்தப் பெண், அவனுடைய வலது கையை எடுத்தாள். அவனுக்கு வலது கையில் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடும். முதல் குத்து வீண். இரண்டாவது வீண். மூன்றாவதில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க மிஸ்டர் லெஹ்தோ, மன்னிச்சுக்கங்க" என்றாள். "பரவால்ல பாப்பா, நிதானமாத் தேடு. எங்கயும் ஓடிப்போகாது" என்றான் அவன். அப்படி ஒரு மிருதுவான குரலில் அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாலாவதில் கிடைத்தது. முழங்கையிலிருந்து கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. அந்தக் கையோடு அன்று மாலை முழுவதும் மதுக்கடையில் சட்டையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தானாம்.

உள்ளறைக் கதவு விரல் அளவு திறந்திருந்தது. நாலு குத்தையும் அவள் அங்கே நின்று பார்த்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரியில் பனிக்கட்டி உடைந்ததும் லெம்பி டுலூத் நகரத்துக்குப் போய்விட்டாள். விவாகரத்தெல்லாம் இல்லை. எங்கள் லுத்தரன் சர்ச்சில் அதற்கு யாருக்கும் தைரியம் கிடையாது, போனாள், அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய லேப். அங்கே நார்மல் ரத்தம் புட்டியில் அடைத்துத் தபாலில் வருகிறதாம், யாருடையதென்றே தெரியாதாம். கிறிஸ்துமஸுக்கு எனக்கு அட்டை போடுவாள். குளிர் ஜாஸ்தி என்று எழுதியிருப்பாள்.

அர்வோவும் அவளும் சேர்ந்துவிடுவார்கள் என்று ஊரே ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தது. அர்வோ இலையுதிர் காலத்தில் கல்யாணம் செய்துகொண்டது உண்மை, ஆனால் டோனட்காரி மார்லிஸை. ஒரே வருஷத்தில் நன்றாகப் பெருத்துவிட்டான். இனி அவனும் நார்மலுக்கு ஆகமாட்டான். ட்ரெவேனா ஓய்வு பெற்று, பனியே விழாத அரிசோனாவுக்குக் குடிபோனார். டார்லீன், என் தபால் பெட்டியைச் சாய்த்த அந்த லாரிப் பொடியனையே கட்டிக்கொண்டு கிரீன் பே நகரத்துக்குப் போனாள். ரெய்னோ பக்கத்து வீட்டில்தான் இருக்கிறான். பள்ளிக்கூடத்து முனையில் கொடி பிடித்துப் பிள்ளைகளைத் தெருவைத் தாண்டவிடுகிற வேலை. அங்கேயும் யார் கார் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்கிறான்.

டார்லீன் இடத்துக்கு வந்த பெண் கெட்டிக்காரி. முதல் தடவை ரெய்னோ வந்து உட்கார்ந்ததும் கேட்காமலேயே இடது கையை எடுத்து, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டாள். அவன் ஆச்சரியப்பட்டுப்போனான்.

"இடது கைன்னு உனக்கு எப்படித் தெரியும் பாப்பா?"

"டார்லீன் சொல்லிட்டுப் போனா. அவகிட்ட லெம்பின்னு ஒருத்தங்க சொல்லிட்டுப் போனாங்களாம். 'லெஹ்தோ வந்தா இடது கை, முழங்கை மடிப்புக்கு ஒரு விரல் கீழ, ஆழமா'ன்னு."

ரெய்னோ பஞ்சை அழுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம்.

அடுத்த தடவையிலிருந்து வலது கையைத்தான் நீட்டுகிறான்.